எண்ணெய் மண் போட்ட ரோடு

ஊற்றுநீர் கொட்டும் பீலிக்கடியில் தேங்கிய தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு மெல்லிய படலம் மிதந்தது. குடத்தை நகர்த்தினால் விலகும். கையை எடுத்தால் மெதுவாகக் கூடிக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. குடிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன், இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பனி மூடிய ஒரு காலையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கனவு போல வருகிறது.

தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறைக்குப் பின்னால் பல காலமாகச் சிந்திய டீசலும் கழிவு எண்ணெயும் மண்ணில் ஊறிக் கிடந்தன. மழை பெய்தால், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பீலிக்கு இறங்கிவிடும். அந்த மண்ணை அள்ளி, உடைத்த கல்லோடும் தாரோடும் கலந்து, லயத்துக்கு வரும் ரோட்டுக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னவர் ரோலர் ஓட்ட வந்த நானா. டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தவர்; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தார் எண்ணெயை வெளியே விடாது என்றார். தோட்டத்தின் உதவி மேனேஜரான சின்னதுரை நம்பவில்லை. நானா அந்தக் கலவையில் ஒரு கட்டி பிடித்து, இறுகவிட்டு, நாங்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டு வைத்தார். மூன்று நாள் எட்டி எட்டிப் பார்த்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

பனிக்குள்தான் வேலை செய்தோம். பத்தடி தள்ளி நிற்கும் ரோலர் தெரியாது; உறுமலும் நானாவின் குரலும் மட்டும் வரும். "என்னா தம்பி, இருக்கீங்களா, இல்ல பனியோட போயிட்டீங்களா?" என்பார். பதிலுக்கு நான் மண்வெட்டியால் கல்லில் ஒரு தட்டுத் தட்டுவேன்.

ரோடு முடிந்து இரண்டு வாரத்தில் பெரிய மழை. மறுநாள்தான் பீலியில் அந்தப் படலம். பெரட்டில் சின்னதுரை, ரோட்டைக் கிளறி எடுக்கப்போவதாகவும் நானாவுக்கு இனி இங்கே வேலை இல்லை என்றும் சொன்னார். "எங்க பிழை நடந்துச்சுன்னு தெரியலீங்க ஐயா," என்றார் நானா. அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது. மண் அள்ளிய அன்று இரண்டு உரச் சாக்கு நிறைய வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். எண்ணெய் மண்ணைத் தாண்டி ரத்தம் குடிக்கும் அட்டை வராது என்பது எங்கள் லயத்தில் எல்லோருடைய நம்பிக்கையும். பீலிக்கு மேலே இருந்த என் காய்கறிப் பாத்தியைச் சுற்றி அதைப் பரப்பிவிட்டேன். ஒதுக்கிய மண்தானே என்று நினைத்தேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும்தான் தூக்குவேன். அன்று, "ரோடு இல்லீங்க ஐயா, நான்தாங்க. அட்டைக்காக என் பாத்தியில போட்டேங்க," என்றேன். வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "அடப்பாவி அண்ணே, ஒங்க காலுக்கு அட்டை வரக்கூடாதுன்னு எங்களுக்கு எண்ணெய்த் தண்ணியா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் செருப்பில்லாத என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னதுரை ரோட்டை அப்படியே விடச் சொன்னார். அன்று முழுவதும் நானாவும் என்னோடு பாத்தியைச் சுரண்டினார். "இத்தன நாள் பேசாம இருந்து, பேசுன ஒரே பேச்சு இதா தம்பி?" என்றார். கோபமா கேலியா என்று தெரியவில்லை. சுரண்டிய மண்ணைக் கலந்து, ரோட்டிலிருந்து என் வாசல் வரை போட்டு இறுக்கினார். அடுத்தடுத்த மழைகளில் பீலியில் தண்ணீர் மட்டும்தான் விழுந்தது.

நானா இப்போது இல்லை; போன வருடம் மௌத்தாகிவிட்டார். ஸ்கூல் வேன் இப்போது லயம் வரை ஏறி வருகிறது. பீலிக்குப் போகும் பெண்கள் தண்ணீரைக் குனிந்து பார்ப்பதுகூட இல்லை. கதை பேசிக்கொண்டே குடம் நிரப்புகிறார்கள். நான் அட்டைக்காகக் காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு பாத்திக்குள் இறங்குகிறேன். அப்படியும் ஒன்றிரண்டு அட்டை ஏறத்தான் செய்கிறது. ஏறட்டும்.