கையும் கல்வேலியும்

காப்புறுதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் கோசலாவும் நெடுந்தீவுக்காரிதான். வள்ளத்தில் விழுந்ததில் வலது கையைத் தூக்க முடியவில்லை என்று நட்டஈடு கேட்டிருந்த றொபின்சனின் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் உள்ளே வந்ததும் அவனுடைய தம்பிமார் இருவர் வாசல் படலையை மறித்து நின்றார்கள்.

முருகைக்கல் வேலியில் ஒரு துண்டு புதிதாக இருந்தது.

“ஆர் அடுக்கினது?”

“கூலிக்கு ஒருத்தன், அக்கா,” என்றான் வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்த றொபின்சன்.

“அதுதானே பார்த்தன். ஆடு முட்டினாலே விழும்.”

எதைப் பொறுத்தாலும் தன் வேலியைப் பழித்தால் இந்த ஊரில் எவனும் பொறுக்கமாட்டான். அவளுடைய அப்பாவும் அப்படித்தான்.

றொபின்சன் அந்தக் கட்டுக்குள்ளிருந்து வலது கையை உருவினான். கீழே கிடந்த பெரிய கல்லைத் தலைக்குமேல் தூக்கி வேலியின் உச்சியில் வைத்தான்.

“இப்ப முட்டச் சொல்லுங்கோ.”

“வேலி நல்ல வேலி. கையும் நல்ல கை,” என்றாள்.

தம்பிமார் அவளை உள்ளே வைத்தே படலையைச் சாத்தினார்கள். ஆனாலும் அவள் வேலியோரம் நின்றபடியே, வலது கை தலைக்குமேல் கல் தூக்கியது என்று அறிக்கையில் எழுதினாள்.