பாலத்தின் இந்தப் பக்கம்

எல்லைப் பாலத்தை ஒட்டிய சுங்கச்சாவடியில் அவள் மொழிபெயர்ப்பாளர். பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டில். வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். லாரிக்காரர்கள் அவளை ‘ரெட்டை நாக்கு அக்கா’ என்பார்கள். “ரெண்டு நாக்குக்கும் சேர்த்து ஒரு சம்பளந்தான் தர்றாங்க” என்று அவளும் சிரிப்பாள்.

இரு நாட்டு அமைச்சர்களும் கைகுலுக்கியபோது நடுவில் நின்றவள் அவள்தான். அந்த நாட்டு நடனக் குழு வந்தபோது மேடையேறி ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொன்னாள். “நீங்க இல்லன்னா இந்த உறவே இல்லம்மா” என்று சுங்க அதிகாரி எல்லோர் முன்னிலும் பாராட்டினார். தக்காளியும் துணியும் சிமெண்டும் போய்வந்தன. அவளுடைய தம்பி அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஓட்டி வருவான். அவன் வாயிலாக அப்பாவின் சேதி கிடைக்கும்.

பிறகு எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு அரசுகளும் தூதர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டன. பாலத்தை மூடினார்கள். தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. பாலத்தின் மேல் வெயிலில் நின்றுபோன லாரிகளிலிருந்து தக்காளி அழுகி வழிந்தது.

அதிகாரி அவளிடம் ஒலிபெருக்கியை நீட்டினார். “எல்லா வண்டியும் திரும்பிப் போகணும், கிட்ட வந்தா சுடுவோம்னு சொல்லுங்க.”

தன் தாய்மொழியில் சொன்னாள். முதல் லாரியிலிருந்து ஒருவன் கைகளைத் தூக்கியபடி இறங்கினான். அவள் தம்பி. ஏதோ கத்தினான்.

“என்ன சொல்றான்?”

“எங்கப்பா இறந்துட்டாராம் சார். என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்.”

அதிகாரி தலை குனிந்துகொண்டார். “என் கையில ஒண்ணும் இல்லம்மா. அவனைப் போகச் சொல்லுங்க.”

சிப்பாய்கள் ஏற்கெனவே குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னாள். தம்பி அவளையே பார்த்தபடி பின்வாங்கி லாரியில் ஏறினான். பின் வண்டியைத் திருப்பினான்.

எதிரி நாட்டில் சொந்தக்காரர்கள் இருப்பதாகச் சொல்லி, அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவன் மட்டும், “விடு, காலம் மாறும்” என்றான். மாறியது. அதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

பாலம் திறந்ததும் பிறந்த வீட்டுக்குப் போனாள். தம்பி வாசலிலேயே நின்றான். வா என்று சொல்லவில்லை.

“என்னைக் காப்பாத்தத்தான் நீ போகச் சொன்னேன்னு தெரியும்க்கா. ஆனா உன் குரலைக் கேட்டா இப்பவும் ‘சுடுவோம்’னுதான் காதுல விழுது.”

தம்பி மனைவிதான் அவளை அப்பாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே புதர் மண்டிக் கிடந்தது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகப் பிடுங்கினார்கள். தம்பி வரவேயில்லை.