பௌர்ணமிப் பந்தல்

கிரிவலப் பாதையில் வேகவைத்த வேர்க்கடலை விற்கும் அம்மா அவர். யாரைப் பார்ப்பதானாலும் முகத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணால்தான் பார்ப்பார். எங்கள் இலவசக் கண் முகாமின் பந்தல் அவர் கூடைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“வாங்கம்மா, இப்பவே கண்ணப் பாத்துடலாம்,” என்றேன்.

“மருந்து ஊத்துனா சாயந்திரம் வரைக்கும் மங்கலாத்தான் தெரியுமாம். பௌர்ணமின்னா வியாபாரம் ஜாஸ்திங்க. இந்த மல்லாட்டைய இன்னிக்கே வித்தாவணும். நாளைக்கு இருப்பீங்கல்ல? காலையிலயே வந்துடறேன்.”

தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். முகாம் அன்று ஒருநாள்தான். பௌர்ணமியன்று வைத்தால் கூட்டம் அள்ளும் என்று யோசனை சொன்னதே நான்தான்.

மறுநாள் காலை நான் சென்னை பஸ்ஸில் இருந்தேன். அவர் வந்திருப்பார்.