கல்லுக்கு ஓர் அடி

எங்கள் வெள்ளைக்காரப் பாதிரியாரின் சொந்த ஊர் இங்கிலாந்தில் ஒரு பட்டிக்காடு. அதன் பெயரைச் சொல்ல நான் பட்ட பாட்டை அவரே ஒருநாள் கைகூப்பி நிறுத்தினார். அந்த ஊருக்கும் அதன் திருச்சபைக்கும் அவருடைய அப்பா ஒரு சரித்திரம் எழுதிவைத்திருந்தார். ஞாயிறுதோறும் கரையான்சாவடிக் கோவிலில் ஆராதனை முடிந்ததும் பாதிரியார் அதில் ஒரு பக்கம் வாசிப்பார். மிஷன் பள்ளி வாத்தியாரான நான் அதைத் தமிழில் சொல்லவேண்டும். அங்கே வாத்துக் குளத்தை யார் தூர்வாரினார், கோபுரமணி எத்தனை முறை விரிசல் விட்டது என்பதெல்லாம் எங்கள் சனங்களுக்கு மனப்பாடம். நம் ஏரிக்கு எத்தனை மதகு என்று கேட்டால் முழிப்பார்கள்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிக் கத்திரி போட்டிருந்த விவசாயி சாமி கும்பிடுகிறவர். ஆனாலும் கதை கேட்க மட்டும் வாசலில் வந்து உட்காருவார்.

ஒரு ஞாயிறு எல்லை வழக்கம் வந்தது. அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சபை எல்லையைச் சுற்றி நடப்பார்களாம். ஒவ்வொரு கல்லிலும் ஒருவனுக்குப் பிரம்பால் ஒரு போடு. வலித்த இடம் மறக்காது. தகராறு வந்தால் அவன்தான் சாட்சி. நம் கல்லறைத் தோட்டத்துக்கும் இதைச் செய்வோம் என்றார் பாதிரியார். எனக்கோ அகோரப் பசி. முழுப் பக்கத்தையும் ஒரே வரியில் முடித்தேன்: "இனிமேல் நம் கல்லறை எல்லையிலும் வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லுக்கு ஓர் அடி."

விவசாயி எழுந்துவிட்டார். "வருசத்துக்கு ஒரு அடியா? பத்து வருசத்துல என் கெணறு உங்க சமாதிக்குள்ள பூடுமே வாத்தியாரே."

 அந்தத் துண்டு நிலம்தான் அவர் வீட்டுக்குச் சோறு. எனக்கு வெட்கமாகிவிட்டது. இது அளக்கிற அடி இல்லை, முதுகில் விழுகிற அடி என்று விளக்கினேன். நம்பவில்லை. அடித்துக் காட்டச் சொன்னார். பாதிரியார் என்னைப் பார்த்தார்.

முதல் கல்லில் பாதிரியார் ஈ விரட்டுவதுபோல் பிரம்பை வீசினார். அது தடவல், அடி இல்லை என்று விவசாயி பிரம்பை வாங்கிக்கொண்டார். அடுத்த இரண்டு கல்லிலும் கருணை காட்டினார். நாலாவது கல் அவர் நிலத்தை ஒட்டியது. மொத்தக் கவலையையும் சேர்த்துப் போட்டார். துள்ளித் திரும்பி, கல்லின் மேலேயே மல்லாந்து விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது கிணற்று ராட்டினமும் பனைமரமும் ஒரே நேர்க்கோட்டில் தெரிந்தன. சாயங்காலம் வீட்டுக்கு ஒரு கூடை கத்திரிக்காய் வந்தது.

பாதிரியார் தம் வாத்துக் குளத்துக்கே திரும்பிப் போனார். அடுத்த பெருமழையில் அந்த நாலாவது கல்லும் போனது. புதிய பாதிரியார் குத்துமதிப்பாக வேறு கல் நட்டார். கத்திரிப் பாத்திக்குள் நட்டுவிட்டார் என்று விவசாயி பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்தார். சொன்னால் யாரும் கேட்கவில்லையாம்.

நான் போய்ச் சேற்றில் மல்லாந்து படுத்தேன். ராட்டினமும் பனையும் ஒன்று சேரும்வரை முதுகாலேயே நகர்ந்தேன். புதிய பாதிரியாருக்கு என் புத்தியின் மேல் சந்தேகம் வந்தது. பழைய சரித்திரத்தைச் சொன்னதும் அடங்கினார். அளந்து பார்த்தோம். புதுக்கல் சரியாக ஓர் அடி உள்ளே இருந்தது. அதைப் பிடுங்கி, நான் படுத்த இடத்தில் நட்டார்கள்.

விவசாயி என் முதுகுச் சேற்றைத் துண்டால் துடைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"நான் குட்த்த அடிய எனக்கே திருப்பிக் குட்த்துட்டியே வாத்தியாரே."