சித்தப்பாவின் இரண்டு விசில்

படகில் ஏறும்போது கட்டிக்கொள்ளத் தந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் ஒரு சின்ன விசில் தொங்கியது. ஆபத்தென்றால் ஊதுவதற்காம். அது சித்தப்பா கையில் சிக்கியதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து மீமிசல் போகும் பஸ்ஸில் கண்டக்டராகவே காலம் தள்ளி, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. அவர் உலகம் அவ்வளவுதான்.

சித்திக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு தடவையாவது கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்காவது போய்வர வேண்டும். அவருடைய பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறாள். ஊரார்போல அவளுக்கும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிடுவார். ஓய்வுக்குப் பிறகும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் படிக்கட்டுப் பக்கம் நின்றபடிதான் வருவார். கேட்டால், "உக்காந்துட்டா யாரு ஏறுனா, யாரு எறங்குனான்னு எப்படித் தெரியும்?" என்பார். "நீங்க வேலைய விட்டாலும் வேலை ஒங்கள விடலயே" என்று சித்தி முணுமுணுப்பாள். அதனால்தான் மீமிசலுக்குப் பக்கத்தில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் படகுச் சவாரிக்கு இருவரையும் அழைத்துப் போனேன்.

படகில் ஏறியும் அவர் உட்காரவில்லை. தலைகளை எண்ணினார். "உள்ள தள்ளி உக்காருங்க" என்று எல்லோரையும் நகர்த்தினார். இரண்டு விசிலும் கொடுத்துவிட்டார். வழிகாட்டியாக வந்த கோட்டைப்பட்டினத்துப் பெண் பதறிப்போய், "ஐயா, உக்காருங்க. நீங்க நின்னா படகு சாயும். ஊதவும் வேணாம், பறவையெல்லாம் கலைஞ்சிரும்" என்றாள். மிச்சமிருந்த ஒரே இடம் சித்தியின் பக்கத்தில். வேறு வழியின்றி உட்கார்ந்தார்.

கால்வாய் குறுகி, இருபுறமும் மரங்கள் நெருங்கியதும் மோட்டாரை நிறுத்தினார்கள். சேற்றில் குச்சி நட்டதுபோல் நீட்டிக்கொண்டிருந்த வேர்களைக் காட்டி, மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது என்றாள் அந்தப் பெண். "இத்தனை வருசமா இங்கிட்டு வந்து டீயக் குடிச்சிட்டுத் திரும்பிருக்கேன். இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது" என்றார் சித்தப்பா, மெதுவாக. சித்தி அவர் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கரை வந்து எல்லோரும் எழுந்தார்கள், சித்தப்பாவைத் தவிர.

"ஏங்க, எடம் வந்துருச்சு" என்றாள் சித்தி.

"எல்லாரும் எறங்கட்டும். நமக்கென்ன அவசரம்?"

போன வாரம் மீமிசல் பஸ்ஸில் அவர்களைப் பார்த்தேன். சித்தி ஜன்னலோரம், பக்கத்தில் சித்தப்பா. படிக்கட்டிலிருந்து கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். சித்தப்பா திரும்பக்கூட இல்லை. சித்தி வெளியே எதையோ காட்ட, தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.