வால் நறுக்கிய புரதம்

பக்கவாதத்தில் விழுந்த பஸ் டிரைவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போனேன். அங்கேதான் அவர் மகள் எனக்குப் பழக்கமானாள். பத்தொன்பது வருடமாக ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன். அங்கே எல்லோருக்கும் அக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த பேராசிரியருக்கும் அக்காதான்.

நம் செல்லுக்குள் எந்த மரபணு எப்போது வேலைசெய்ய வேண்டும் என்பதைச் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. அப்படி ஒரு புரதத்தில் பகுதி பகுதியாக நீக்கி, என்ன ஆகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு பகுதி மரபணுவைப் பிடிக்கும். வால் மாதிரி நீண்ட கடைசிப் பகுதிதான் அதை முடுக்குகிறது என்பது பேராசிரியரின் கணிப்பு. மரபணு வேலைசெய்தால் வெளிச்சம் தெரிவதற்காக மின்மினியின் மரபணு ஒன்றையும் இணைத்திருந்தார்கள். வாலை நீக்கினால் வெளிச்சம் மங்க வேண்டும். நான்கு மடங்கு கூடியது.

"குழாயை மாத்திட்டீங்க அக்கா," என்றார் பேராசிரியர். "நோட்டுல அப்படியே எழுதிடுங்க."

நடக்கிற தவறுதான். பெயரை மூடியில் மட்டும் எழுதுவார்கள். மூடி மாறினால் எல்லாம் மாறும். அவள் குழாயின் பக்கவாட்டிலும் எழுதுகிறவள். மாற்றிவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தால், பத்தொன்பது வருட வேலையையும் சந்தேகப்படுவார்கள். மறுத்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க எனக்குக் கைகொடுத்தபடியே சொன்னாள்: "வாலை நறுக்கினா சுருண்டு விழும்னு பார்த்தா, நாலு மடங்கு ஆட்டம் போடுதுப்பா."

"பிரேக்கைக் கழட்டிருக்கே," என்றார் அவர், கோணிய வாயால். "இதுக்கு ஒரு படிப்பு வேற."

மறுநாள் பேராசிரியரிடம் போனாள். "நீங்களே நம்பர் ஒட்டிக் குடுங்க சார். எது எதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

செல்லுக்குள் செலுத்த ஆறு குழாய்கள், மூன்றில் முழுப் புரதத்துக்கான டி.என்.ஏ., மூன்றில் வாலில்லாததுக்கானது. பட்டியல் அவர் சட்டைப்பையில். மூன்றாம் நாள் கருவி காட்டிய வெளிச்ச அளவுகளை அவள் வாசிக்க, அவர் பட்டியலைப் பிரித்தார். பளிச்சென்று எரிந்த மூன்றும் வாலில்லாதவை. வாலில்லாதது அதிகமாக உண்டாகிவிட்டதோ என்று புரதத்தின் அளவையும் பார்த்தார், எல்லாவற்றிலும் ஒன்றுதான். வால் முடுக்கவில்லை, மடங்கி வந்து மரபணுவைப் பிடிக்கும் பகுதியை அமுக்கிவைத்திருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றியது.

"என் கணிப்பு போச்சு," என்றார்.

"என் கை தப்பல சார்."

அவர் நோட்டை இழுத்து, 'குழாய் மாறவில்லை' என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, வாலில் எந்தத் துண்டு அமுக்குகிறது என்று பார்க்கப் போய்விட்டாள்.