ஒரம்பரைக்கு ஒதுக்கிய பாதி

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வீடு கட்டியபோது முதலில் முடிவானது ஒரம்பரை அறைதான். எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வரும் சொந்தக்காரர்களை ஒரம்பரை என்போம். அவர்கள் தூங்க ஏசி போட்ட அறை, உட்கார்ந்து பேசப் பெரிய ஹால். சென்னிமலைத் தறிக்காரர்களுக்குப் பெட்ஷீட் டிசைன் வரைந்து கொடுக்கும் எனக்கு மாடிப்படிக்குக் கீழே, இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். நான் வரைந்த நல்ல பெட்ஷீட்கூட ஒரம்பரைக்கென்று பீரோவில் தூங்கும். நாங்கள் வெளுத்துப்போனதைப் போர்த்திக்கொள்வோம்.

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, இனி இதில் புது விண்டோஸ் ஏறாது என்று கடைக்காரர் கையை விரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்த மிஷின் ஒருநாளும் என் வேலையைக் கெடுத்ததில்லை.

"இந்த டப்பாவ வீசிப்போட்டுப் புதுசு வாங்கிக்கலாம் அம்மணி" என்றார் வீட்டுக்காரர். அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"ஏனுங்க, உங்க லேத்துக்கு என் வயசாச்சுங்க. அதைய வீசிப்போட்டீங்களா?"

விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய மிஷினிலும் ஓடும் லினக்ஸை நானே ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஏற்றுவதற்கு முன் டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும். இருந்தது இருநூற்றைம்பது ஜிபி. சிஸ்டமும் புரோகிராம்களும் இருக்க ஒரு பகுதி, அதற்கு ரூட் என்று பெயர். மெமரி போதாதபோது கைகொடுக்க ஸ்வாப். நம் ஃபைல்களுக்கு ஹோம். எது எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெங்களூரிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார்.

"அண்ணி, விண்டோஸ அழிச்சுப்போடாதீங்க. நான் வந்தா கேம் விளையாடோணுமுங்க."

அவர் வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். "பாவம், எப்பவோ வாரான். பாதிய உட்டுரு" என்றார் வீட்டுக்காரர்.

விட்டேன். பாதி டிஸ்க் அவருக்கு. மிச்சத்தில் டிசைன்களுக்கு ஒதுக்கியது போக, தினமும் உழைக்கிற சிஸ்டத்துக்குப் பதினைந்து ஜிபியைக் கிள்ளிக் கொடுத்தேன். வேலை செய்கிறவளை மாடிப்படிக்குக் கீழே உட்கார வைக்கும் வீட்டில் வேறு எப்படிப் பிரிக்கத் தோன்றும்?

சில மாதம் ஓடியது. தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் ஒரு அப்டேட் பாதியில் நின்றது. அணைத்துப் போட்டால் வெறும் கறுப்புத் திரை. ரூட் நிரம்பி வழிந்துவிட்டது. மயில் பார்டர் டிசைன் மறுநாள் சென்னிமலைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் தறி சும்மா நிற்கும், தறிக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே மிஷினைக் கிளப்பினேன். ஹோமைத் தனியாக வைத்திருந்ததால் டிசைன் ஒன்றும் போகவில்லை. மயில் பார்டரை அப்படியே முடித்து அனுப்பினேன். எல்லா ஃபைலையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, திறக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் விண்டோஸ் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு கார் ரேஸ் கேம், கொஞ்சம் கல்யாண போட்டோ. அவ்வளவுதான். இதற்காகவா பாதி டிஸ்க் பூட்டிக் கிடந்தது? இடமில்லாமல் நான் முட்டி மோதிச் சாக, வருடம் முழுக்க ஒரு கேம் கால் நீட்டிப் படுத்திருக்கிறது! போட்டோக்களை மட்டும் ஒரு பென்டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்தேன். விண்டோஸை அழித்தேன்.

"அவன் வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் சொல்லிக்கறனுங்க."

இந்த முறை சிஸ்டத்துக்குத் தாராளமாக ஐம்பது ஜிபி. ஸ்வாப்புக்கு எட்டு. மிஷின் கிளம்புவதற்கு ஒரு சின்னத் துண்டு. மிச்சம் முழுக்க ஹோம், என் வேலைக்கு. யாரையும் கேட்கவில்லை. எல்லாம் ஏறி முடிந்த சந்தோஷத்தில் நிமிர்ந்தேன். மாடிப்படி மண்டையில் இடித்தது.

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அன்றைக்கே மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரம்பரை அறையில் போட்டேன். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினேன். ஏசியையும் போட்டுக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்த கொழுந்தனார் பையோடு நேராக அந்த அறைக்குள் போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அண்ணி, விண்டோஸ் எங்கீங்க?"

"அழிச்சுப்போட்டனுங்க. உங்க போட்டோவெல்லாம் இதுல இருக்குது" என்று பென்டிரைவைக் கொடுத்தேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் காலண்டரைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்கீங்க படுக்கறது?"

பீரோவிலிருந்து நல்ல பெட்ஷீட்டை எடுத்து நீட்டினேன்.

"ஹால்ல படுத்துக்குங்க. ஒரம்பரைக்குன்னுதான அத்தன பெருசாக் கட்டி வெச்சிருக்கறோம்."